ஞானேஸ்வரன் கழுவிய கண்ணாடி

வெளிநாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களில் உணவகத்தில் கோப்பை கழுவாதவர் கை தூக்குங்கள் என்றால் ஒரு கையும் எழும்பாது. ஆனால் கழுவின கதையை ஒருவரும் சொல்வதில்லை. கடை போட்டவர் பிறக்கும்போதே முதலாளியாகப் பிறந்தவர் போல நடப்பார். நான் மினிகாப் ஓட்டுகிறேன், வாடகைக் கார். யாராவது கேட்டால் ஏதோ கொம்பனி வைத்திருப்பவன் மாதிரித்தான் கதைப்பேன். ஞானேஸ்வரன் மட்டும் பாரிஸில் பதின்மூன்று வருடம் கழுவிவிட்டு, லண்டனுக்கு வந்தும் கழுவிக்கொண்டிருந்தான். என்ன வேலை என்று கேட்டால் “கோப்பை கழுவுறன்” என்று நேரே சொல்வான். கேட்டவர்தான் வெட்கப்பட்டு வேறு கதைக்குப் போவார்.

அவனைப் பற்றி இப்போது சனம் ஒரு கதை சொல்லித் திரிகிறது. மகன் கஞ்சா அடிக்கிற குழாயைத் தகப்பனே கழுவிக் கொடுத்தானாம். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப்பேருக்குத் தங்கள் பிள்ளையின் அலுமாரிக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கதை உண்மைதான். ஆனால் சனம் சொல்வது பாதிக் கதை. மிச்சப் பாதிக்கு நான் சாட்சி. உண்மையைச் சொன்னால் கூட்டாளியும்கூட.

பாரிஸில் ஒரே உணவகத்தின் நிலவறையில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் நின்றோம். நான் கழுவினால் அழுக்குப் போகும், அவ்வளவுதான். அவன் ஒவ்வொரு கிளாஸையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பான். மேலே சமையல்காரன் கத்திக்கொண்டு நிற்பான். “டேய், நீ என்ன வைரம் பாக்கிறியோ?” என்று நான் கேட்டால், “வெளியால மினுக்கி என்ன மச்சான், உள்ளுக்கு இருக்கிறதுதானே வாய்க்குள்ள போறது” என்பான். அந்தக் கதையை அப்போது பகிடியாக எடுத்தேன்.

2001இல் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தான். வந்தது அவனுடைய விருப்பத்தில் அல்ல. மனைவி சிவனேஸ்வரிக்குப் பிள்ளை இங்கிலிஷில் படிக்க வேண்டும். ஒரே பிள்ளை, அபிஷன். பாரிஸில் பிறந்து, பிரெஞ்சில் கனவு கண்டு, பதின்மூன்று வயதில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாய் பேசாமல் போய் இருந்தவன். பிறகு இங்கிலிஷ் வந்தது, நல்லாகவே வந்தது. ஆனால் அந்த முதல் இரண்டு வருடத்தில் மூடின வாய் முழுதாகத் திறக்கவேயில்லை. படிப்பில் சூரன். வீட்டிலிருந்தபடியே யூனிவேர்சிட்டிக்குப் போய் இரசாயனம் படித்தான். தாய் அதை “மருந்து கண்டுபிடிக்கிற படிப்பு” என்று கோயிலில் சொல்லுவாள். பேராசை ஒன்றுமில்லை. கஷ்டப்பட்டு வளர்த்தவளுக்குச் சொல்ல ஒரு வசனம் வேண்டாமா?

தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கவும் நாலு வசனம் வேண்டுமே. ஞானேஸ்வரனுக்கு ஹோட்டலில் பின்னேர ஷிப்ட். மகன் வீட்டுக்கு வரும்போது அவன் வெளிக்கிட்டிருப்பான். “சாப்பிட்டியோ?” “ஓம்.” “ஏதும் வேணுமோ?” “வேண்டாம்.” ஒரு கிழமைக்கு அவ்வளவுதான் வரவு.

2007 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மகனின் அறை ரேடியேட்டர் சூடாகவில்லை என்று, அதற்குள் அடைபட்ட காற்றைத் திறந்துவிட ஞானேஸ்வரன் உள்ளே போனான். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் துவாயால் சுற்றி ஒரு சாமான். எடுத்தால் முழங்கை நீளக் கண்ணாடிக் குழாய். கீழே உருண்டை வயிறு, அதற்குள் தண்ணீர். பக்கத்தில் செருகிய ஒரு சின்னக் குழாய், அதன் நுனியில் விரல் நுனி கொள்ளுமளவு கிண்ணம். கஞ்சாப் புகையைத் தண்ணீருக்குள்ளால் இழுக்கிற சாமான். இங்கத்தைப் பெடியள் “பொங்” என்பார்கள். பாரிஸ் சமையலறைகளில் நின்றவனுக்கு அதைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

உடைக்கத்தான் தூக்கினானாம். எனக்கு அடுத்த நாள் என் காருக்குள் இருந்து சொன்னான். தூக்கினபோது பழக்கதோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்திருக்கிறான். தண்ணீர் கறுத்த தேநீர் நிறத்தில் இருந்தது. சுவரெல்லாம் தார் பிடித்து, தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம்.

“என்ர பிள்ளை இதுக்குள்ளாலயோ மச்சான் மூச்செடுக்கிறான்?” என்றான். “இருமுறானெண்டு சிவனேஸ்வரி ஒவ்வொரு நாளும் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறா. இந்த ஊத்தை நெஞ்சுக்குள்ள போனா இருமாமல் என்ன செய்வான்?”

“அப்ப என்ன செய்தனி?”

“கழுவினன்.”

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். இருபது வருடக் கழுவல்காரன், கையில் கிடைத்ததைக் கழுவியிருக்கிறான். அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு, எப்படிக் கழுவினான் என்று வேலைக்காரன் வேலைக்காரனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். சின்னக் குழாயையும் கிண்ணத்தையும் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டானாம். பெரிய குழாய்க்குள் கல்லுப்பும் ஸ்பிரிட்டும் விட்டு, இரண்டு துவாரத்தையும் உள்ளங்கையால் பொத்திக் குலுக்கினானாம். உப்பு உரஞ்ச உரஞ்சத் தார் கழன்று வரும். கொதிதண்ணீர் ஊற்றக் கூடாது, குளிர்ந்த கண்ணாடி வெடித்துப்போகும், இளஞ்சூடுதான். லண்டன் தண்ணீர் விட்டுப்போகிற வெள்ளைப் படைக்கு வினாகிரி. ஸ்பிரிட் மணம் துளியும் இல்லாமல் போகுமட்டும் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, புதுத் தண்ணீர் அதே அளவுக்கு விட்டு, அதே துவாயால் சுற்றி, அதே இடத்தில் வைத்துவிட்டான்.

“பெடியனோட கதைக்கேல்லையோ?”

“வாற கிழமை கதைப்பன். முதல் நெஞ்சு சுகமாகட்டும்.”

நான் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அன்று சொன்னது இது: “அப்ப ஒரு தேசிக்காயும் பிழிஞ்சு விடு, மணம் போகும்.” பிழிந்தும் விட்டான்.

வாற கிழமை என்று எங்கள் ஆட்கள் சொன்னால் அது ஒருநாளும் வராத கிழமை. வெள்ளிக்கிழமைகளில் சிவனேஸ்வரி கோலியர்ஸ் வுட்டில் ரெயின் ஏறி, மாறாமல் ஆர்ச்வேயில் இறங்கி, முருகன் கோயிலுக்குப் போய்விடுவாள். மகன் வகுப்புக்குப் போய்விடுவான். வீடு வெறுமையாக இருக்கும். ஞானேஸ்வரன் கழுவுவான். தாய் ஆர்ச்வேயில் பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்கிற அதே நேரத்தில் தகப்பன் குசினித் தொட்டியில் அர்ச்சனை செய்துகொண்டிருந்தான். இருவரும் ஒரே வேண்டுதலைத்தான் செய்தார்கள் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

மகனோடு கதைக்க முடியாததை அவன் இப்படிக் கதைத்தான். எனக்கு அது விளங்கியது. மகனுக்கு விளங்கும் என்றுதான் அவனும் நம்பினான். “ஆர் கழுவுறதெண்டு அவனுக்குத் தெரியாமலோ இருக்கப்போகுது? தெரிஞ்சும் பேசாமல் இருக்கிறான். அவனுக்கு வெக்கம்.” இதுதான் அவன் பிடித்த பிடி. எங்களுடைய வீடுகளில் அப்படித்தானே. தகப்பன் சேட்டுப் பொக்கெற்றில் பத்துப் பவுண் வைத்துவிட்டுப் போவான், பிள்ளை எடுப்பான். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். ஆனால் இருவருக்கும் தெரியும்.

வைகாசி மட்டில் சின்னக் குழாய் செருகுகிற இடத்தில் இருந்த றப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது. கறுப்பு வளையம். தண்ணீர்க் குழாய் திருத்துகிற சாமான்கள் போட்டுவைத்த லாச்சிக்குள் தேடி, அளவான சிவப்பு வளையம் ஒன்று எடுத்துப் போட்டான். “இப்ப ஒரு சொட்டும் ஒழுகாது” என்று எனக்குச் சொன்னபோது முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்னொரு கிழமை, கண்ணாடியில் கறுத்தப் பேனையால் கீறினமாதிரி ஒரு கோடு இருந்ததாம், தண்ணீர் மட்டத்துக்கு நேரே. “எங்கையோ பட்டிருக்கு. ஸ்பிரிட் துணியால ஒரு துடை, போயிட்டுது.”

அந்தக் கோட்டைப் பற்றி அவன் சொன்னபோது நான் டூட்டிங் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றேன். ஓம் ஓம் என்றேன். பச்சை விழுந்தது, போய்விட்டேன்.

கோடையில் அபிஷன் மெலிந்தான். அறைக் கதவுக்குப் பின்னால் கதிரையை வைத்துவிட்டுப் படுத்தான். வெளியே போகும்போது கதவின் மேல்மூலையில் ஒட்டுகிற ரேப்பில் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போனான். ஞானேஸ்வரன் அதையும் ஏதோ குப்பையென்று எடுத்துப் போட்டிருக்கிறான். ஒருநாள் அபிஷன் தாயிடம், “அம்மா, நாங்கள் இல்லாத நேரம் வீட்டுக்கு ஆர் வாறது?” என்று கேட்டானாம். “ஆரப்பன் வாறது, ஒருத்தரும் இல்லை” என்றாள் அவள். அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

புரட்டாதியில் ஒருநாள் ஞானேஸ்வரன் வேலைக்குப் போகாமல் என்னைத் தேடி வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

“விட்டிட்டான் மச்சான்.”

“என்னத்தை?”

“மூண்டு கிழமையா நான் விட்ட தண்ணி அப்பிடியே கிடக்கு. ஒரு துளி நிறம் மாறேல்லை. கிண்ணத்திலயும் ஒண்டுமில்லை. நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, தானா விட்டிட்டான்.”

கண் கலங்கினான். நானும் முதுகில் தட்டினேன். கள்ளுக் குடித்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் சிரித்துக்கொண்டிருந்தோம். பெடியன் அதை விட்டது பயத்தில் என்று எங்கள் இரண்டு மண்டைகளில் ஒன்றுக்கும் ஏறவில்லை.

நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசை. அன்று காலை அவன் அந்தக் குழாயைக் கடைசித் தரமாகக் கழுவினான். இனி அதைத் திருப்பி வைப்பதில்லை, நல்லாகக் காய்ந்ததும் எங்காவது ஒதுக்கிவிடுவது என்று நினைப்பு. எறிந்திருக்கலாம். ஆனால் எட்டு மாதம் கழுவின சாமானைக் குப்பையில் போட அவனுக்கு மனம் வரவில்லை. தட்டு காயவைக்கிற இடத்தில் கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனான். பூசைக்குக் கடலை அவிக்க வேண்டுமென்று சிவனேஸ்வரி அன்றைக்குக் கோயிலால் வெள்ளென வந்துவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, இது என்ன சாமான்?”

தலை ஈரத்தோடு வந்தவன் வாயில் முதலில் வந்தது: “அது தம்பியின்ர லாப் சாமான். இரசாயனம் படிக்கிறதுக்கு.”

பொய் சொல்லத் தெரியாதவன் சொல்கிற பொய்யை ஆட்கள் சும்மா நம்பிவிடுவார்கள். அவள் அதை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள். அது அப்படி மினுங்கியது. “எவ்வளவு வடிவா வச்சிருக்கிறான்” என்றாளாம். ஞானேஸ்வரன் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். அப்போது சொல்லியிருக்கலாம். பின்னேரம் சனம் வரமுதல் சொல்லியிருக்கலாம். “அவவின்ர முகத்தைப் பாத்தன், ஏலாமல் போச்சு” என்று எனக்குப் பிறகு சொன்னான்.

பின்னேரம் நான் போனபோது விருந்தறையில் கும்பம் வைத்து, படத்துக்கு மாலை போட்டிருந்தது. சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகங்களையும் கற்கிற சாமான்களையும் அம்மன் முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். அபிஷனின் தடித்த புத்தகங்கள் நாலு அடுக்கியிருந்தன. மேலே பேனை, கல்குலேற்றர். பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்து, அந்தக் குழாய் நின்றது. வயிற்றில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லிகை.

நான் ஞானேஸ்வரனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பாவி நான், வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அயலில் இருந்து வந்த ஐந்தாறு பேரும் அதைப் பார்த்து, “பிள்ளை நல்லாப் படிக்கிறான் போல” என்றார்கள்.

தீபம் காட்டுகிற நேரம் அபிஷன் வாசலில் வந்து நின்றான். அறையில் அதைத் தேடியிருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. பூசைத்தட்டுக்கு மேலாக அதைக் கண்டான்.

“அம்மா, இதுக்கு ஆர் பொட்டு வச்சது?”

“நான்தான், அப்பன். உன்ர படிப்புச் சாமான்தானே. வா, வந்து கும்பிடு.”

“இதை உங்களிட்ட ஆர் தந்தது?”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பெடியன் அறையில் நின்ற ஒவ்வொருவரையும், என்னையும் சேர்த்து, எண்ணுவதுபோலப் பார்த்தான். பிறகு பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான். மேலே கதவு பூட்டுகிற சத்தமும், அலுமாரியை இழுத்துக் கதவோடு அடைக்கிற சத்தமும் கேட்டன. சிவனேஸ்வரி தீபத்தைக் கையில் வைத்தபடி, “இவனுக்கு என்ன பிடிச்சது?” என்று கேட்டாள். கடலை ஆறிப்போனது.

மூன்றாம் நாள் காலை அபிஷன் ஜன்னலால் இறங்கி, செருப்பில்லாமல் பிரதான வீதியில் நடந்து, பஸ்களை மறித்திருக்கிறான். பொலிஸ் கொண்டுபோய் மனநலப் பிரிவில் விட்டது.

டொக்டரைப் பார்க்கத் தாயையும் தகப்பனையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்க ஆள் வர நேரமாகும் என்றார்கள். மகனும் மறுக்காதபடியால் என்னையே இருந்து சொல்லச் சொன்னார்கள். சின்ன அறை. டொக்டர் ஒரு இளம் பெண், நல்ல பிள்ளை, அவசரப்படவில்லை. அபிஷன் சுத்தமான உடுப்போடு கதிரையில் இருந்தான். அவ்வளவு ஒழுங்காக அவன் கதைத்து நான் கேட்டதில்லை.

தன் அறைக்குள் ஆட்கள் வந்து போகிறார்கள் என்று இங்கிலிஷில் சொன்னான். தான் கஞ்சா அடிக்கிற குழாயை ஒவ்வொரு வெள்ளியும் எடுத்துச் சுத்தம் செய்து, புதுத் தண்ணீர் விட்டுவைக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குள் ஏதோ கலக்கிறார்கள். கறுப்பாக இருந்த றப்பர் சிவப்பானது. மட்டம் பார்க்கத் தான் கீறின கோட்டை அழித்தார்கள். கதவில் ஒட்டின ரேப்பை எடுத்தார்கள். தான் கஞ்சா அடிப்பதை நிறுத்தியபோதும் வந்தார்கள். கடைசியில் அம்மாவைக் கொண்டே அதற்குப் பொட்டு வைத்துக் காட்டினார்கள்.

“என்னவாம் சொல்லுறான், குருமூர்த்தி அண்ணை?” என்று சிவனேஸ்வரி என் கையைப் பிடித்தாள். சொன்னேன். கஞ்சா என்ற சொல்லை விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மூன்று விரலையும் பார்த்தாள். சந்தனம் பூசின விரல்கள்.

டொக்டர் பெற்றோர் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள். இந்த வருத்தத்தில் இப்படியான நம்பிக்கைகள் வரும், யாரோ வருகிறார்கள், சாமான்களை மாற்றுகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றும், அவனோடு வாதாட வேண்டாம். நான் அதையும் தமிழில் சொன்னேன்.

ஞானேஸ்வரன் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினான்.

“குரு, டொக்டரிட்டச் சொல்லு. தம்பி சொல்லுறது பொய்யில்லை. நான்தான் கழுவினனான். எட்டு மாசமா. றப்பரும் நான்தான் போட்டனான். கோட்டை அழிச்சதும் நான். ஊத்தை நெஞ்சுக்குள்ள போகக்கூடாதெண்டு கழுவினனான். வேறை ஒருத்தரும் வரேல்லையெண்டு சொல்லு.”

பொக்கெற்றுக்குள் கையை விட்டு அந்தப் பழைய கறுப்பு வளையத்தை எடுத்து மேசையில் வைத்தான். வெடித்த வளையம். அதைக் கூட எறியாமல் வைத்திருந்திருக்கிறான்.

என் குரல் எனக்கே கேட்காமல் மொழிபெயர்த்தேன். டொக்டர் எழுதுவதை நிறுத்தினாள். சிவனேஸ்வரி புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். எல்லாம் சரிவந்துவிடும் என்று எனக்கு அந்த நிமிடம் பட்டது. உண்மை வெளியே வந்துவிட்டது, இனிப் பெடியனுக்கு என்ன பயம்?

அபிஷன் அந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான். ஒரு வருடமாக அவன் அந்த முகத்தை நேரே பார்த்ததில்லை. தமிழில், மிக மெதுவாக, கோபமேயில்லாமல் கேட்டான்.

“அப்பா, அவையளை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?”

அவன் என்ன கேட்டான் என்று டொக்டர் என்னிடம் கேட்டாள். இரண்டாம் தரமும் கேட்டாள்.

இது நடந்து இரண்டு வருடம். அபிஷன் வீட்டில்தான் இருக்கிறான். மருந்துக் குளிசை போடுகிறான், உடம்பு ஊதிவிட்டது, படிப்பு நின்றுவிட்டது. டொக்டர்மார் இது கஞ்சாவாலும் வந்திருக்கும், முன்னமே உள்ளுக்குள் இருந்துமிருக்கும், தகப்பன் கழுவினதால் வந்ததல்ல என்று பல தரம் சொல்லிவிட்டார்கள். நான் அதை ஒவ்வொரு தரமும் ஞானேஸ்வரனுக்குச் சரியாக மொழிபெயர்த்தேன். அவன் ஓம் ஓம் என்று கேட்டான். சிவனேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் ஆர்ச்வேக்குப் போகிறாள். வீட்டில் நவராத்திரிக் கும்பம் வைப்பதில்லை.

ஞானேஸ்வரன் ஹோட்டலில் இன்னும் கழுவுகிறான். போன கிழமை நான் போயிருந்தபோது மகனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனான். நானும் பின்னால் மாடிக்கு ஏறினேன். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் நின்று மூன்று தரம் தட்டினான்.

“தம்பி, அப்பா. நான்தான் வாறன். தேத்தண்ணி கொண்டு வாறன். வேறை ஒருத்தரும் இல்லை, குரு மாமா மட்டும்.”

உள்ளே பெடியன் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பெடியன் வரச் சொல்லாமல் ஞானேஸ்வரன் உள்ளே போவதில்லை. கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஆவி போய், மேலே ஆடை படிந்து, தேத்தண்ணி ஆறியது. கீழே கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, கோப்பையைக் கழுவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காமல் கவிழ்த்து வைத்தான்.